எதிராளி இல்லாத மேசை

எந்தச் சீட்டாட்ட மேசையானாலும் விதிப் புத்தகம் படிக்கிற ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பெட்டியைத் திறந்ததும் மற்றவர்கள் சீட்டில் இருக்கும் படங்களைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து பொடி எழுத்துப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். குன்னூரில் எங்கள் மேசைக்கு அந்த ஆள் நான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். 'எனில்' என்பதற்கும் 'எனில் மட்டுமே' என்பதற்கும் வித்தியாசம் தெரியாத விடைத்தாளில் மதிப்பெண்ணைக் குறைத்தே பழகிய கை இது. கடைசியில் ஆட்ட விதிகளில் வந்து நின்றதில் வியப்பில்லை.

எங்கள் மேசை மழைக்காலத்தில்தான் நிறையும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கம் கொட்டும்போது எங்களுக்குச் சாரலும் மூடுபனியும்தான். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை வந்தால் குன்னூர், கோத்தகிரிக்குத்தான் அடி. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கீழே போனவர்கள் மேலே வர முடியாது, மேலே இருப்பவர்கள் கீழே போக முடியாது. அப்படி ஒரு மழைக்காலத்தில் சேர்ந்த கூட்டம் இது. தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருக்கும் ஒருவர், அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி, நான். வெளிநாட்டில் இருக்கும் உறவுப் பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்தபோது விட்டுப் போன பெட்டியைச் சுற்றித்தான் நாங்கள் முதலில் உட்கார்ந்தோம்.

பெட்டியின் பெயர் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்ட் கேம்'. டோல்கீனின் கதையுலகத்தை வைத்து நேட் ஃப்ரெஞ்ச் வடிவமைத்தது. ஃபேண்டசி ஃப்ளைட் கேம்ஸ் 2011இல் வெளியிட்டது. நமக்குப் பழக்கமான ரம்மி, கழுதை, இருபத்தெட்டு எல்லாவற்றிலும் எதிரே ஒருவர் இருப்பார். இதில் எல்லாரும் ஒரே பக்கம். ஒவ்வொருவரும் மூன்று வீரர்கள் வரை வைத்துக்கொண்டு, துணைவர்களையும் ஆயுதங்களையும் சேர்த்துக்கொண்டு, காட்டையும் ஆற்றையும் கடந்து போக வேண்டும். எதிரே இருப்பது ஒரு சீட்டுக்கட்டு. சிலந்தி, ஓர்க், புதைகுழி, இருண்ட கணவாய் என்று ஒவ்வொன்றாக அதிலிருந்து வெளியே வரும். வென்றால் எல்லாரும் வென்றோம், தோற்றால் எல்லாரும் தோற்றோம்.

கேட்டவுடன் நிம்மதியாக இருக்கும். சண்டை இல்லை, கோபம் இல்லை, தோற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் விதிப் புத்தகத்தை மடியில் வைத்திருப்பவருக்கு இந்த நிம்மதி ஒரு மாலைதான் இருக்கும். ரம்மியில் நான் ஒரு சீட்டைத் தவறாக எடுத்தால் எதிரே இருப்பவர் கையைப் பிடிப்பார். அவருக்கு விதி முழுதும் தெரியாமல் இருக்கலாம். தனக்கு நட்டம் வரும்போது மட்டும் தெரிந்துவிடும். போட்டி ஆட்டத்தில் விதிக்குக் காவல் எதிராளிதான். எதிராளியே இல்லாத மேசையில் அந்தக் காவல் வேலையை யார் பார்ப்பது? சீட்டுக்கட்டு வாய் திறந்து 'இது தப்பு' என்று சொல்லாது.

ஆட்ட விதிகளுக்கும் நீலகிரிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1875இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடிவந்த 'பிளாக் பூல்' ஆட்டத்தில் வேறு வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். ஸ்னூக்கர் அப்படித்தான் பிறந்தது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறொருவர். இந்தச் சேம்பர்லின் ஆப்கன் போரில் காயப்பட்டு, பிறகு சென்னை ராணுவத்தின் தளபதியான சர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸின் கீழ் வேலை பார்க்க ஊட்டிக்கு வந்தார். 1882இல் ஸ்னூக்கரின் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் 1885இல் இந்தியா வந்தபோது சேம்பர்லினைச் சந்தித்து, விதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார் என்பது பின்கதை.

அந்த ஏழு வருட இடைவெளிதான் எனக்குப் பிடித்தது. 1875இல் ஆட்டம் இருக்கிறது, 1882 வரை அதற்குச் சுவரில் விதி இல்லை. ஒரே படைப்பிரிவு ஆட்கள் ஒரே அறையில் ஆடும்வரை வாய்ச்சொல் போதும். கோடைக்காலத்தில் சென்னை மாகாண அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிவந்துவிடும். வெவ்வேறு ஊரில் இருந்து வந்த அதிகாரிகள் ஒரே மேசையில் கோலைப் பிடிக்கும்போது, 'எங்கள் ஊரில் இப்படித்தான்' என்ற பேச்சு எழாமல் இருந்திருக்காது. முன்பின் தெரியாத இருவர் எதிரெதிரே நின்றால் நடுவில் எழுத்து வேண்டும். சுவரில் மாட்டிய அந்தத் தாளுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். ஒருவர் மீறினால் இன்னொருவர் சுவரைக் காட்டுவார். எங்கள் மேசையிலும் தாள் இருக்கிறது. ஆனால் நாலு பேரும் அதன் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஒரே ஒரு சுற்றை ஆடிக் காட்டினால் புரிந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். கையில் இருப்பதை மேசையில் விரித்துப்போட்டு, ஒரே ஆளாக ஒரு சுற்று.

எங்கள் மேசையில் சில பெயர்கள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் 'அபாய' எண் உண்டு. அது 50ஐத் தொட்டால் அவர் ஆட்டத்தை விட்டு வெளியே. ஒரு வீரர் வேலை செய்துவிட்டால் அவருடைய சீட்டைப் பக்கவாட்டில் 'சாய்த்து' வைக்க வேண்டும், சாய்ந்தவர் வேறு வேலைக்கு ஆகமாட்டார். மறுபடி 'நிமிர்த்தினால்'தான் எழுந்திருப்பார். அரகோர்ன், தியோட்ரெட், குளோயின் என்ற மூன்று வீரர்களோடு தொடங்கினால் அவர்களுடைய 12, 8, 9 மூன்றும் சேர்ந்து அபாயம் 29. முதல் பயணம் மிர்க்வுட் காட்டின் வழியாக. தொடக்கத்திலேயே இரண்டு சீட்டுகளைத் தேடி எடுத்துக் களத்தில் வைக்கச் சொல்கிறது புத்தகம். ஒன்று காட்டுச் சிலந்தி, இன்னொன்று பழைய காட்டுப் பாதை. சிலந்தியின் அபாயம் 2, பாதையின் அபாயம் 1.

இனி யாரை முன்னால் அனுப்புவது? போகிறவர்களின் மனத்திடம் களத்தில் இருக்கும் அபாயத்தைவிடக் குறைந்தால், குறைகிற அளவு என் அபாயம் ஏறும். தியோட்ரெட்டின் மனத்திடம் 1, குளோயினுடையது 2. இருவரையும் அனுப்பிச் சாய்த்துவிடுகிறேன். 3 ஆயிற்று, களத்தில் இருக்கும் 3க்குச் சரி. அதற்குப் பிறகுதான் எதிர்க்கட்டின் மேல் சீட்டைத் திறக்க வேண்டும். 3 அபாயமுள்ள இன்னோர் இடம் வந்துவிட்டது என்று வையுங்கள். களத்தில் இப்போது 6. மூன்று குறைகிறது. அபாயம் 29இல் இருந்து 32க்குப் போகிறது. அடுத்து, இடம் ஒன்றுக்கு நகரலாம். பழைய காட்டுப் பாதைக்குப் போகிறேன். போனால் ஒருவரை நிமிர்த்திக்கொள்ளலாம் என்கிறது சீட்டு. குளோயினை நிமிர்த்துகிறேன். சிலந்தியின் எண் 25, என் அபாயம் அதைத் தாண்டிவிட்டதால் அது என்மேல் பாய்கிறது. அதன் தாக்கு 2. பாய்ந்த சுற்றில் மட்டும் ஒன்று கூடும் என்று சீட்டில் இருக்கிறது. ஆக 3. பாயும் எதிரிக்கு ஒரு நிழல் சீட்டு கவிழ்த்து வைக்க வேண்டும், அதைத் திறந்தால் சில சமயம் இன்னொரு வினை வரும். இந்தத் தடவை ஒன்றும் இல்லை. அரகோர்ன் தடுக்கிறார். அவர் காப்பு 2. ஓர் அடி விழுகிறது. பிறகு குளோயின் திருப்பி அடிக்கிறார். அவர் தாக்கு 2, சிலந்தியின் காப்பு 1, அதற்கும் ஓர் அடி. சுற்று முடிகிறது. எல்லாரையும் நிமிர்த்தி, அபாயத்தை ஒன்று கூட்டினால் 33.

இதே சுற்றை இரண்டு சின்ன மறதியோடு ஆடிப்பாருங்கள். சிலந்தி பாயும்போது கூடுகிற அந்த ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. தாக்கு 2, காப்பு 2, அரகோர்ன்மேல் கீறல்கூட இல்லை. சுற்று முடிவில் அபாயத்தைக் கூட்ட மறந்தாயிற்று. 33க்குப் பதில் 32. இரண்டும் யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. மழைச் சத்தத்தில், டீ வந்த நேரத்தில் நடப்பவைதான். ஆனால் இரண்டும் நம் பக்கமே சாய்ந்திருக்கின்றன. எனக்குக் கிடைக்கவேண்டிய வளத்தை நான் மறப்பதில்லை. அடுத்த சீட்டை வாங்கத் தேவைப்படுகிறபோது அது தானாக நினைவுக்கு வந்துவிடும். எதிர்க்கட்டுக்குச் சேரவேண்டியதை நினைவூட்டத்தான் ஆள் கிடையாது. கூட்டாக ஆடும்போது நடக்கும் பிழைகள் இரண்டு பக்கமும் சமமாக விழுவதில்லை. அவை பெரும்பாலும் ஆடுகிறவருக்கே லாபம்.

ஒன்றுதானே என்று விட்டால் என்ன ஆகும்? இரண்டாவது பயணம் ஆண்டுயின் ஆற்றோரமாக. முதல் பயணத்தின் கடினத்தைப் புத்தகம் 1 என்று போட்டிருக்கிறது, இதை 4 என்று. இதில் தொடக்கத்திலேயே மலைப்பூதம் ஒன்று களத்தில் வந்து நிற்கும். தாக்கு 6, உயிர் 9. அதன் எண் 30. அபாயம் 29 உள்ளவரை அது நம்மைப் பார்க்காது, 30 ஆன கணமே வந்துவிடும். 29இல் தொடங்கும் ஆட்டக்காரருக்கு முதல் சுற்றின் முடிவில் கூடும் அந்த ஒன்று, பூதத்தை அழைக்கும் மணி. அதை மறந்தவர் இரண்டாம் சுற்றில் துணைவர்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்றாம் சுற்றில் பூதத்தைச் சுலபமாக வீழ்த்தி, 'இது அப்படியொன்றும் கஷ்டமில்லையே' என்று சொல்வார். அவர் வென்றது பூதத்தை இல்லை, அந்த எண்ணைத்தான். வடிவமைத்தவர் 30 என்று போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மறந்தவருக்கு அந்தக் காரணம் தெரியவே போவதில்லை.

அதனால்தான் விதியைப் புரிந்துகொள்வது என்றால் மனப்பாடம் செய்வது என்று நான் நினைப்பதில்லை. ஒவ்வொரு விதியையும் 'இது எந்தக் கேள்வியை என்முன் வைக்கிறது' என்று கேட்டுப் படிப்பேன். வீரர்களை அனுப்பிய பிறகுதான் சீட்டைத் திறக்க வேண்டும் என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப்போட்டால் என்ன? முதலில் திறந்து, கூட்டிப் பார்த்து, தேவையான அளவு ஆட்களை அனுப்பினால்? ஆட்டம் கூட்டல் கணக்காகிவிடும். தெரியாத ஒன்றுக்காக எத்தனை பேரைச் செலவழிப்பது, சண்டைக்கு எத்தனை பேரை மிச்சம் வைப்பது என்பதுதான் இந்த ஆட்டத்தின் முழுக் கேள்வியும். அந்த ஒரு வரிசையில்தான் அது இருக்கிறது. இதைச் சொன்ன பிறகு யாரும் 'முதலில் ஒருதரம் எட்டிப் பார்க்கலாமா டீச்சர்' என்று கேட்டதில்லை.

ஒரு சுற்றில் ஏழு கட்டங்கள். வளம் சேர்ப்பது, சீட்டு இறக்குவது, பயணம், இடம் மாறுவது, எதிரியை எதிர்கொள்வது, சண்டை, புதுப்பிப்பது. வரிசையை மாற்ற முடியாது என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது டீ மேக்கர்தான் சுருக்கமாகச் சொன்னார்.

"டீச்சரம்மா, இலையை வாட்டாம அரைக்க முடியுமா? அரைக்காம புளிக்க வைக்க முடியுமா? புளிக்காம அடுப்புல போட்டா அது க்ரீன் டீ. குடிக்கலாம், ஆனா நாம போட நெனச்ச டீ இல்ல."

அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த விதிப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வரிசை மாறினாலும் ஏதோ ஓர் ஆட்டம் நடக்கத்தான் செய்யும். அது வேறு ஆட்டம்.

கட்டங்களுக்கு அடுத்தபடியாக நான் கற்றுக்கொடுப்பது, கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் உள்ள கோடு. மிர்க்வுட்டின் அந்த இரண்டு தொடக்கச் சீட்டுகளே இதற்குப் போதும். சிலந்தி பாய்ந்தால் தாக்கு ஒன்று கூடும் என்பது கட்டாயம் என்ற தலைப்பில் அச்சாகியிருக்கிறது. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது நடந்தே தீரவேண்டும். பழைய காட்டுப் பாதைக்குப் போனால் ஒருவரை நிமிர்த்தலாம் என்பது பதில் என்ற தலைப்பில். வேண்டுமானால் செய்யலாம், மறந்தால் போயிற்று, யாரும் கேட்கப்போவதில்லை. வடிவமைப்பாளர் இந்த இரண்டையும் முதல் மேசையிலேயே வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அபாயம் எழுதிய சீட்டில் கட்டாயம், உதவி எழுதிய சீட்டில் விருப்பம். எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கட்டாயச் சீட்டைத் திறக்கிறவர் அதைச் சத்தமாகப் படித்து, இடப்பக்கத்து ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். நேரம் வரும்போது அதை நினைவூட்டுவது அவர் பொறுப்பு. எதிர்க்கட்டுக்கு வாய் இல்லாததால் நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் வாய் கொடுத்திருக்கிறோம்.

புதியவர்கள் எப்போதும் தவறவிடும் இடங்கள் நாலைந்து உண்டு. இடம் ஒன்றுக்கு நகர்ந்துவிட்டால் அதன் அபாயம் களக் கணக்கில் சேராது, ஆனால் பயணத்தில் கிடைக்கும் முன்னேற்றம் முதலில் அந்த இடத்தின்மேல்தான் விழும், மிச்சம்தான் பயணத்துக்கு. ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் போக முடியும். தாக்க வரும் எதிரியை யாரும் தடுக்காமல் விட்டால் அந்த அடி முழுதும் ஒரே வீரர்மேல் விழும். காப்பு எண்ணைக் கழிக்கக் கூடாது, துணைவர்கள்மேல் தள்ளிவிடவும் கூடாது. சண்டையில் முதல் அடி எப்போதும் எதிரிக்கு. இவற்றை நான் பட்டியலாக முன்பே ஒப்பிப்பதில்லை. அந்த இடம் வரும்போது ஆட்டத்தை நிறுத்திச் சொல்வேன். அடி விழப்போகும் நேரத்தில் கேட்ட விதி மறக்காது.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுவேன். எப்படி வெல்வது என்பது இல்லை, எப்படித் தோற்போம் என்பது. அபாயம் 50 அல்லது வீரர்கள் எல்லாரும் சாவது, இரண்டே வழி. இதைத் தெரிந்துகொண்டவர் மற்ற எல்லா விதிகளையும் அதோடு கோத்துக்கொள்வார். எந்தச் சீட்டு அபாயத்தை ஏற்றுகிறது, எது உயிரைக் குறைக்கிறது என்று அவர் கண் தானாகத் தேடும். வெல்லும் வழியை முதலில் சொன்னால் விதிகள் எல்லாம் தடைகளாகத் தெரியும்.

விதி தெரிந்தவருக்கு இந்த மேசையில் ஒரு நோயும் வரும். நாட்டாமை நோய். எல்லாரும் ஒரே பக்கம் என்பதால், தெரிந்தவர் ஒருவரே நாலு கையையும் ஆடிவிடலாம். 'நீ அதைப் போடு, ஐயா இதைச் சாய்க்கட்டும்' என்று தொடங்கினால் மற்ற மூவரும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகள் மட்டுமே. 2008இல் வந்த மாட் லீகாக்கின் 'பாண்டமிக்' முதல் கூட்டாக ஆடும் ஆட்டங்கள் பலவற்றிலும் இந்தக் குறை பேசப்படுகிறது. இதற்கும் விதியில்தான் மருந்து இருக்கிறது. எங்கள் பெட்டியின் புத்தகம், ஆட்டக்காரர்கள் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம், திட்டம் போடலாம், ஆனால் கையில் இருக்கும் சீட்டின் பெயரைச் சொல்லவோ அதைப் படித்துக் காட்டவோ கூடாது என்கிறது. முதலில் இது அற்பமான தடையாகத் தோன்றும். ஆடப் பழகியதும் புரியும். 'சிலந்தியை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மாணவி சொன்னால் எப்படி என்று நான் கேட்க முடியாது. நம்பத்தான் முடியும்.

பெரியவருக்கு இது புதிதே இல்லை. இருபத்தெட்டு ஆடி வளர்ந்தவர். குலாம் 3, ஒன்பது 2, ஆஸ் 1, பத்து 1, நாலு சாதிக்கும் சேர்த்து 28. துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியிடம் ஒரு வார்த்தை பேசாமல், அவர் போடும் சீட்டிலிருந்தே அவர் கையைப் படிக்க வேண்டும். இலங்கைத் தமிழர் ஆடும் 304 இதற்கு அண்ணன். அதில் குலாம் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. அங்கும் கவிழ்ந்த துருப்பு, அங்கும் வாய்ப்பூட்டு. கூட்டாளிகளுக்கு நடுவே பேச்சை அளந்து வைப்பது நம் சீட்டாட்டத்துக்குத் தெரிந்த வித்தைதான். 2013இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருது பெற்ற அந்துவான் பௌசாவின் 'ஹனாபி'யில் உன் சீட்டு உனக்குத் தெரியாது, எதிரே இருப்பவருக்குத்தான் தெரியும். குறிப்பு கொடுக்க எட்டுக் காய்கள்தான். பெரியவரிடம் அதைச் சொன்னபோது, "இதுக்கா விருது? கண்ணடிக்கக் கூடாதுன்னு எங்க அப்பா அடிச்ச அடிக்கு எனக்குல்ல குடுத்திருக்கணும்" என்றார்.

எவ்வளவு படித்தாலும் புத்தகம் பதில் சொல்லாத இடம் ஒன்று வந்தே தீரும். இரண்டு சீட்டுகள் ஒன்றோடொன்று மோதும். எது முதலில் என்று தெரியாது. மழையில் இணையமும் போயிருக்கும். இதற்கு நல்ல வழி சொன்னது வேறொரு பெட்டி. நேட் ஃப்ரெஞ்சும் மேத்யூ நியூமனும் சேர்ந்து வடிவமைத்து 2016இல் வந்த 'ஆர்க்கம் ஹாரர்: தி கார்ட் கேம்'. அதோடு இரண்டு புத்தகங்கள் வரும். ஒன்று ஆடக் கற்றுக்கொள்ள, இன்னொன்று சந்தேகம் வந்தால் புரட்ட. அந்த இரண்டாவது புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது. பதில் கிடைக்காவிட்டால், இந்த நேரத்தில் உங்கள் வெற்றிக்கு எது மிகக் கெடுதலோ அதையே நடத்திவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள் என்கிறது அது.

இதை நான் எல்லாப் பெட்டிக்கும் எடுத்துக்கொண்டுவிட்டேன். முதலில் மாணவிதான் எதிர்த்தாள். "சந்தேகத்தோட பலன குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான டீச்சர் குடுப்பாங்க?" நீதிமன்றத்தில் எதிரே அரசாங்கம் நிற்கிறது, அதற்கு வக்கீலும் இருக்கிறார். இங்கே எதிர்த்தரப்புக்கு வக்கீல் கிடையாது. நாலு பேரும் ஒரே கட்சிக்காரர்கள், அவர்களே நீதிபதியும். அப்படிப்பட்ட மன்றத்தில் சந்தேகத்தின் பலனைத் தனக்கே கொடுத்துக்கொண்டால் தீர்ப்பு என்ற ஒன்றே இருக்காது. அதுவும் தவிர, இந்த விதி விவாதத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். எது நமக்கு நல்லது என்று கேட்டால் நாலு பேரும் நாலு வாதம் வைப்பார்கள். எது நமக்குக் கெடுதல் என்று கேட்டால் உடனே ஒத்துப்போவார்கள்.

சீட்டின் எழுத்தும் புத்தகத்தின் விதியும் மோதினால் சீட்டு சொல்வதே செல்லும் என்பது இந்த வகை ஆட்டங்களின் அடிப்படை. 'கூடாது' என்று சீட்டு சொல்லிவிட்டால் வேறெந்தச் சீட்டும் அதை மாற்ற முடியாது. இந்த இரண்டும் தெரிந்தால் பாதிச் சந்தேகங்கள் புத்தகத்தைத் திறக்காமலேயே தீரும். மீதிப் பாதிக்குத்தான் மேலே சொன்ன கடுமையான விதி.

நடைமுறையாகச் சில விஷயங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் சீட்டு வாழைப்பட்டை மாதிரி வளைந்துவிடும், அதனால் ஒவ்வொரு சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டே ஆக வேண்டும். வளைந்த சீட்டைக் கட்டுக்குள் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம், அதுவும் நம் பக்கம் சாய்கிற ஒரு பிழைதான். மின்சாரம் போனால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அபாய எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். இருட்டில் காய் நகர்ந்துவிடும். நாலு பேர் ஆட 2011இன் பெட்டி இரண்டு வேண்டும், 2022இல் வந்த திருத்திய பதிப்பு ஒன்றே போதும். முதல் தடவை இரண்டு பேராக ஆடுங்கள். ஒருவர் விதியைப் பார்க்க, ஒருவர் சீட்டைப் பார்க்க.

கடைசியாக ஒரு பழக்கம், இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தோற்ற ஆட்டத்தை நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பிழைகள் நம் பக்கமே சாயும் என்றால், பிழையோடு ஆடியும் தோற்றவர் தோற்றவர்தான், அதில் சரிபார்க்க ஒன்றுமில்லை. சரிபார்க்க வேண்டியது வெற்றியைத்தான். வென்றவுடன் சீட்டுகளை அள்ள விடமாட்டேன். எத்தனை சுற்று ஆடினோம் என்று தாளில் கோடு போட்டிருப்போம். தொடக்க அபாயம், பயணத்தில் ஏறியது, சீட்டுகளால் ஏறியது, இறங்கியது, அதோடு சுற்றுக்கு ஒன்று. எல்லாம் கூட்டினால் மேசையில் இருக்கும் எண் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒன்று விழுந்திருக்கிறது. முதலில் இதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். கணக்கு டீச்சர் புத்தி என்றார்கள். இப்போது டீ மேக்கரே பென்சிலை எடுத்துக்கொள்கிறார்.

ஆட்டங்களை எழுதி வைக்கும் நோட்டில் வெற்றி, தோல்வி என்று இரண்டு பத்திகள்தான் முதலில் இருந்தன. கணக்கு உதைக்கும் வெற்றிகளுக்காக மாணவி மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டு, தலைப்பில் 'வாயில்லாதவர் வழக்கு' என்று எழுதிவைத்தாள். அதில் ஒரு பயணத்தின் பெயர் ஏறினால் அடுத்த மழைக்கு அதே பயணத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அந்தப் பத்தியில் ஒன்று நிலுவையில் இருக்கும்போது புதுப் பெட்டியைத் திறக்க எங்களில் ஒருவருக்கும் கை வருவதில்லை. பெரியவர் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே, குடையை மடக்கும் முன், அதைத்தான் கேட்பார்: "டீச்சரம்மா, வழக்கு ஏதாவது பாக்கி இருக்கா?"